மைல்கல்லா, மார்க் ஷீட்டா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வந்து விழுகிறது, நான் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் மலர். பெயர் வேண்டாம். வடக்கே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்ற அளவில் நிற்கட்டும். பயந்துகொண்டு மறைக்கவில்லை. நான் சொல்லப்போவது நீங்கள் படித்த இடத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். அதனால் ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

மலரின் கடைசி சில பக்கங்களுக்குத் தலைப்பு 'மைல்கற்கள்'. எல்லாரும் முதலில் புரட்டுவது அதைத்தான். முதல்வர் செய்தியை எவன் படிக்கிறான்? :-) ஆனால் பத்து வருஷத்து மலர்களை எடுத்து அடுக்கிப் பாருங்கள். ஐந்தே வகைதான். கல்யாணம். குழந்தை. பதவி உயர்வு. வெளிநாடு. டாக்டர் பட்டம். இடையில் எப்போதாவது ஒருவர் பேராயர் ஆவார், அவருக்கு முழுப் பக்கம். இந்த ஐந்தில் எதுவும் வாய்க்காதவர்கள் படித்து முடித்த அன்றே காற்றில் கரைந்துவிட்டார்களா என்ன?

முதலில் அந்த வார்த்தையையே பார்ப்போம். தில்லியிலிருந்து காரில் ஊருக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை. மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. கிராமச் சாலைக்கு ஆரஞ்சு. எந்த நிறமானாலும் கல்லின் வேலை ஒன்றுதான், அடுத்த ஊர் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வது. வண்டியில் இருப்பவன் கெட்டிக்காரனா என்று எந்தக் கல்லும் மார்க் போடுவதில்லை. நம் மலர்களில் அச்சாவது மஞ்சள் தலைக் கல் மட்டும். அதுவும் மார்க் ஷீட்டாக.

'உலகம் முழுக்க இப்படித்தானே, கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை மட்டும் ஏன் பிடிக்கிறாய்?' என்று கேட்பீர்கள். பிடிக்கக் காரணம் இருக்கிறது. இந்த நிறுவனங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை அவர்களே விழாவுக்கு விழா மேடையில் சொல்கிறார்கள்.

வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி. பல்கலைக்கழகமில்லை, கல்லூரிதான். ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் அது. 1890களில் திண்டிவனத்தில், ஆண் டாக்டரைப் பார்க்க அனுமதிக்காத வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோன கதை நம் ஞாயிறு பள்ளியில் சொல்லாத வருஷம் இல்லை. அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1900ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அங்கே சபைகளின் ஆதரவில் சேர்ந்த பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் சின்ன ஊர் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். கரண்ட் நிற்காத ஊரா என்றெல்லாம் கேட்கமுடியாது. அந்த இரண்டு வருஷம் மைல்கல் இல்லையா? எந்த மலரிலாவது 'இன்னார் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டாம் வருஷத்தை முடித்தார்' என்று கல்யாணச் செய்திக்குப் பக்கத்தில் போட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

அதே வேலூரில் படித்தவர்தான் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். டாக்டராகிச் சில வருஷத்திலேயே, 1954ல், கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1960களில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி நடத்தினார். 1972ல் பத்மஸ்ரீ.

இப்போது நம் மலரின் கணக்கைப் போடுங்கள். 1972ல் கண்டிப்பாகப் படத்தோடு செய்தி வரும். 1954ல்? கல்யாணம் இல்லை, பதவி உயர்வு இல்லை, வெளிநாடு இல்லை. படுக்கையில் ஒரு பெண் டாக்டர். ஒரு வரி வராது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் கூட்டாளிகள் தேவைப்பட்ட வருஷம் எது, 1972ஆ, 1954ஆ? நாற்காலியில் இருந்தே கத்தியைப் பிடிக்கலாம் என்று அவருக்குத் தைரியம் சொல்ல அப்போது பக்கத்தில் பால் பிராண்ட் போன்றவர்கள் இருந்தார்கள். பத்மஸ்ரீக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே வரும்.

இன்னும் பின்னால் போகலாம். செராம்பூர், கல்கத்தாவுக்குப் பக்கம். 1818ல் கேரி, மார்ஷ்மன், வார்ட் மூவரும் தொடங்கிய கல்லூரி. தரங்கம்பாடியைப் போலவே அதுவும் அன்று டென்மார்க்கின் கையில் இருந்த ஊர் என்பதால், 1827ல் டேனிஷ் ராஜாவே பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தார். சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் வந்தது 1857ல்தான். சாதியோ நிறமோ தேசமோ பார்த்து யாரையும் தள்ளக்கூடாது என்பது அங்கே ஆரம்பகாலக் கொள்கை. மதுரை அரசரடியில் இறையியல் படிப்பவர் இன்றைக்கும் வாங்குவது செராம்பூர் பட்டம்தான். அதை வாங்கியவர்களில் பேராயர் ஆகிறவர் சிலர். மலையடிவாரத்தில் ஏழெட்டு கிராமத்துக்கு ஒரே போதகராக டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் சுற்றி ஓய்வு பெறுகிறவர் பலர். மலரில் யார் படம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? மலர் தயாரிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'வருவதைத்தானே போடுகிறோம்' என்பார்கள். பாதி உண்மை. மீதி பாதி அவர்கள் அனுப்பும் படிவத்தில் இருக்கிறது. பெயர், படித்த வருஷம், தற்போதைய பதவி, நிறுவனம், நாடு, மணமானவரா, குழந்தைகள் எத்தனை. அவ்வளவுதான் கட்டம். அம்மாவுக்கு மறதி நோய் என்று வேலையை விட்டுவிட்டு நாசரேத்துக்குத் திரும்பிப் போனவன் 'பதவி' கட்டத்தில் என்ன எழுதுவான்? படிவத்தை அப்படியே மூடிவைப்பான். அடுத்த மலரில் அவன் இருக்கமாட்டான்.

படிவத்துக்குப் பின்னால் இன்னொன்று உண்டு. 2016லிருந்து வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, பல பிரிவுகளில் இடைநிலைச் (மீடியன்) சம்பளம் என்ன என்பதெல்லாம் கணக்கு. நாக் மதிப்பீட்டில் பழைய மாணவர் பங்களிப்புக்கு என்றே ஒரு பகுதி. பங்களிப்பு என்றால் முதலில் பணம். ஆக, நமக்கு வரும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பு அன்பில் மட்டும் வருவதில்லை. அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தையே அட்டை மாற்றிக் குடும்ப மலர் என்று நம் கையில் கொடுக்காதீர்கள்.

பெண்கள் விஷயம் தனிக் கொடுமை. நம் ஊர்ப் பெண்ணுக்கு அப்பா பெயர் இனிஷியல். கல்யாணமானதும் அது மாறும். வடக்கே வந்தால் 'சர்நேம்' கேட்பார்கள், புருஷன் பெயர் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வருஷம் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கே அடையாளம் தெரியாது. மலரில் வருவது 'திருமதி இன்னார், கணவர் இன்ன கம்பெனியில் துணைத் தலைவர்'. யாருடைய மைல்கல் இது? படித்தது அவரா, கணவரா? 1947ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா வந்தது 2013ல். 66 வருஷம். அந்த வேகத்தில்தான் நம் மலர்களும் போகின்றன.

'இதெல்லாம் சும்மா காகிதச் சண்டை, விட்டுத்தள்ளு' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021 மே மாதம். தில்லி எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர் ஒரு பெண், துவாரகாவில் இருந்தார். கணவர் அந்த மாதம் போய்விட்டார். எங்கள் வாட்ஸப் குழுவில் அவரும் இருக்கிறார். அதே துவாரகாவில் எங்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இரண்டு குடும்பம், அதில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில்தான் வேலை. யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து, தமிழ் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது சொன்னார்:

"குரூப்ல என்னத்தை எழுதச் சொல்லுதீங்க அண்ணே? அன்னைக்குக் காலையிலதான் ஒருத்தங்க கனடாவுல வீடு பிரதிஷ்டை பண்ணின போட்டோ போட்டிருந்தாங்க. எல்லாரும் வாழ்த்திட்டு இருக்காங்க. அதுக்குக் கீழ போயி நான் ஆக்சிஜன் கேக்கவா?"

ஆக்சிஜன் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி. கேட்கவே கூச்சப்பட வைத்தது எது என்பதுதான் என் கேள்வி. கனடாக்காரர் மீது தப்பே இல்லை. வீடு வாங்கினால் சந்தோஷத்தில் படம் போடத்தான் செய்வார். நல்ல செய்திக்கு மட்டுமே இங்கே இடம் என்று வருஷக்கணக்கில் ஒரு கூட்டத்தைப் பழக்கிவிட்டால், கெட்ட நாளில் அதன் கதவைத் தட்ட யாருக்கும் கை வராது.

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஊரில் இருந்தால் சித்தப்பா, பெரியம்மா, தெரு முழுக்க ஆட்கள். இங்கே நடுராத்திரி நெஞ்சு வலி என்றால் கூப்பிட நமக்கு இருப்பது மூன்று: தமிழ்ச் சபை, பக்கத்து ஃப்ளாட், கூடப் படித்தவர்கள். அதில் ஒன்றை விளம்பரப் பலகையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

'துக்கத்தை எல்லாம் அச்சில் போடச் சொல்கிறாயா? அந்தரங்கம் இல்லையா?' நியாயமான கேள்வி. விவாகரத்தையும் வேலை போனதையும் பெயர் போட்டு எழுதச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. 'உனக்குப் பொறாமை' என்பவர்களுக்குப் பதில் கிடையாது, டீ மட்டும் வாங்கித் தரலாம். நான் கேட்பது இவ்வளவுதான்:

1. படிவத்தில் பதவி, நாடு கட்டங்களுக்கு முன்னால் ஒரு காலி இடம் விடுங்கள். 'இந்த வருஷம் எதில் கழிந்தது?' என்று கேளுங்கள். அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் என்று ஒருவர் எழுதட்டும். அதையும் அதே எழுத்து அளவில் போடுங்கள்.

2. பெண்களைப் படித்தபோது இருந்த பெயரில் போடுங்கள். புதுப் பெயர் வேண்டுமானால் கூடச் சேரட்டும். கணவர் உத்தியோகம் வேண்டாம்.

3. மரணச் செய்தி பேராயருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் என்று இல்லாமல் எல்லாருக்கும் வரட்டும். தேதியோடு நிறுத்தாமல், அவர் என்ன செய்து வாழ்ந்தார் என்று இரண்டு வரி.

4. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பேர், ஒரு ஆண் ஒரு பெண், அவர்கள் போன் நம்பர். உதவி வேண்டுமானால் குழுவில் எழுத வேண்டாம், இவர்களைக் கூப்பிடலாம், விஷயம் வெளியே போகாது. இதற்குப் பெரிய நிதி எல்லாம் தேவையில்லை. இரண்டு பேருக்கு மனசு இருந்தால் போதும்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது நாமும் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுகிறோம், 'பார், இங்கே படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்' என்று. பிள்ளை கவனித்துக்கொண்டேதான் இருக்கிறது. எது வந்தால் பெயர் அச்சாகும் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. எது நடந்தால் வீட்டில்கூட வாயைத் திறக்கக்கூடாது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. பயப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

அடுத்த படிவம் வரும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கட்டங்களை நிரப்புங்கள், தப்பில்லை. பிறகு ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, இந்த வருஷம் உண்மையில் உங்களுக்கு எது பெரிதாக இருந்ததோ அதை ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பத்துப் பேர் எழுதினால் மலர்க்குழு முழிக்கும். நூறு பேர் எழுதினால் படிவத்தை மாற்றியே ஆக வேண்டும்.

பி.கு.: மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகத் திட்டலாம். பெயர் போட்டுத் திட்டினால் சந்தோஷம். படித்த வருஷமும் பதவியும் போட வேண்டியதில்லை. :-)