சினை மீனுக்கு ஒரு பருவம் விட்டுக்கொடுப்போம்

வெயில் காலம் முடிந்து மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துப் பக்கம் ஆண்பிள்ளைகளைப் பார்க்க முடியாது. தூண்டில் கம்பையும் புழு டின்னையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் கலங்கி ஏறும்போது மீன் நன்றாகக் கடிக்கும் என்பது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடமில்லை.

சென்ற மழையின்போது நமக்குத் தெரிந்த செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் நாலு லம்பாம் மீன் கொண்டுவந்தார். கைக்கு அடங்காத மீன்கள். வீட்டம்மா அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறினார். நாலிலும் சினை!

"என்னங்க இது, நாலும் புள்ளத்தாச்சியா இருக்கே! இதுங்கள விட்டிருந்தா ஆத்துல எத்தன குஞ்சு பொரிச்சிருக்கும்?"

"நான் விட்டா அடுத்தவன் புடிச்சிட்டுப் போவான். பேசாம கொழம்ப வை."

இவ்வளவுதான் பேச்சு. சினையைத் தனியாக எடுத்து மிளகு போட்டு வறுத்தார்கள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள். நாமும் அந்தச் சினை வறுவலுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்களே. ஆகவே அவரைக் குறைசொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை. ஆனால் 'நான் விட்டா அடுத்தவன் புடிப்பான்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் இன்று நம் தோட்ட மக்களோடு உட்கார்ந்து யோசிக்க விரும்புகிறோம்.

தூண்டில்காரர் அறிந்த கணக்கு

மீன் எப்போது சினைக்கு வரும் என்பதைப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூண்டில்காரர்கள் நன்றாக அறிவார்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். கிழக்குக் கரையில் நவம்பரில் பருவமழை இறங்கும். ஆறு வற்றிக் கிடந்து, புது வெள்ளம் வந்ததும் கெண்டை இனத்து மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். லம்பாம், செபாராவ், தெங்காஸ், கெலா எல்லாம் இந்தக் கூட்டம்தான். "ஈசல் பறந்த மறுநாளு கம்பத் தூக்கிட்டு வா தம்பி" என்று நமக்குச் சின்ன வயதில் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்ன நாளில் மீன் கடித்தது. ஏன் கடித்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. முட்டையிடப் போகிற மீன் கூட்டமாக ஏறுகிறது. அது ஏறும் வழியில் நாம் கம்போடு உட்கார்ந்திருக்கிறோம். இதுதான் விஷயம்.

எல்லா மீனும் ஒரே கணக்கில் வளர்வதில்லை. லம்பாம் சீக்கிரம் வளரும். ஓராண்டுக்குள் சினைக்கும் வந்துவிடும். ஒரு தாய் மீன் வயிற்றில் பல்லாயிரம் முட்டை இருக்கும். அதனால் அது கொஞ்சம் அடி தாங்கும். உடம்பின் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட செபாராவ் வேறு மீன்களைத் தின்று வளர்வது. குட்டியாக இருக்கும்போது பட்டை பளிச்சென்று தெரியும், பெரிதாக ஆக மங்கும். பட்டை மங்கிய செபாராவ் கையில் கிடைத்தால், அது ஆற்றில் பல மழை கண்ட மீன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கெலாவின் கதைதான் வேதனை. நாம் வெட்டிப்போடும் செம்பனைப் பழத்தையே தூண்டிலில் கோத்து அதைப் பிடிக்கிறார்கள். பத்துக் கிலோவைத் தாண்டுகிற மீன் அது. ஆனால் வளர்ச்சி மிகவும் மெதுவு. சினைக்கு வரவே பல ஆண்டு பிடிக்கும். முட்டையும் குறைவு. அந்த முட்டையைத் தெளிந்த ஓட்டத்தில் கூழாங்கல் இடுக்கிலே விடும். மேலே காட்டை அழித்தோ ஆற்று மணலைத் தோண்டியோ சேறு கிளப்பினால் கல் இடுக்கு அடைந்து முட்டை மூச்சு முட்டிச் செத்துப்போகும். கடையில் கிலோ பல நூறு வெள்ளி விலை போகிறது என்பதால் ஆளுக்கு ஆள் அதைத் தேடி அலைகிறார்கள். பத்து ஆண்டில் வளர்ந்ததை ஒரு சாயங்காலத்தில் தூக்கிவிடலாம். ஒரு சாயங்காலத்தில் அதைத் திருப்பி வைக்க முடியுமா?

குஞ்சைக் காக்கும் தகப்பன்

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் விரால் என்று சொல்லும் ஹாருவான், ஆற்றோரத்திலும் தோட்டத்துக் கால்வாயிலும் புல் மறைவில் முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் சிவப்பாகப் பந்துபோலத் திரண்டு நீந்தும். மூச்சுக்காக மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் மழைத்துளி விழுவதுபோல் தண்ணீர் குமிழும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பெரும்பாலும் தகப்பன்தான் கடைசிவரை நிற்கும். கிட்டே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் குமிழுக்கு மேலேயே தவளையைக் கட்டிப் போடுகிறவர்கள் உண்டு. மீனுக்குப் பசியில்லை. பிள்ளையைக் காக்கத்தான் பாய்கிறது. பாய்ந்ததும் மாட்டிக்கொள்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். பிள்ளை பெற்ற நம் வீட்டுப் பெண்ணுக்கும், அறுவை செய்துகொண்டவருக்கும் புண் ஆற ஹாருவான் சூப்பு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதே மீனைக் குஞ்சோடு இல்லாத நேரத்தில் பிடிக்கலாமே! வளர்ப்புக் குளத்து ஹாருவானும் பாசாரில் கிடைக்கிறது.

கெடுத்தது நாமா?

"ஆத்தக் கெடுத்தது நாங்களா? ஆலைக்காரன விட்டுட்டு எங்கிட்ட வந்து நாயம் பேசுறீங்களே!" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் இறங்கினால், அது அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. ஹாருவானும் கெலி மீனும் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பித்துக்கொள்ளும். லம்பாமும் செபாராவும் கெலாவும் அப்படித் தப்ப முடியாது. ஓர் ஆற்றில் ஹாருவானும் கெலியும் மட்டுமே மிஞ்சியிருந்தால், தண்ணீருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவேண்டும். செம்பனை ஆலைகளுக்கு 1977-லும் ரப்பர் ஆலைகளுக்கு 1978-லும் கழிவுநீர் விதிகள் வந்துவிட்டன. மீறினால் சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. மீன் செத்து மிதந்தால் படம் எடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே சொல்லுங்கள்.

ஆனால் ஆலைக்காரன் செய்யும் தப்பு நம் தப்புக்குப் பதில் ஆகாது. பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு கரண்டு வைத்து மீன் பிடிக்கிறவர் எந்தத் தோட்டத்திலும் இல்லையா? தூபா வேரை இடித்து ஓடையில் கரைக்கிறவர் இல்லையா? மருந்தடித்த தோம்பை ஓடையிலேயே கழுவுகிற பழக்கம் நம்மிடம் இல்லையா? கரண்டும் நஞ்சும் பெரிது சிறிது பார்ப்பதில்லை. தின்ன முடியாத குஞ்சும் சேர்ந்தே சாகிறது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் மாநிலங்களின் ஆற்று மீன்பிடி விதிகளும் இவற்றைக் குற்றம் என்கின்றன. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், நாளைக்கு நம் பிள்ளைக்கு மீன் வேண்டுமே என்று நினைத்தாவது விடலாம்.

அடுத்தவனும் விட்டால்?

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். 'நான் விட்டா அடுத்தவன் புடிப்பான்.' உண்மை. ஒருவர் மட்டும் விட்டால் பயனில்லை. எல்லாரும் சேர்ந்து விட்டால்?

இங்கிலாந்தில் சப் என்று ஒரு கெண்டை இனம் உண்டு. அதுவும் மெதுவாக வளரும் ஆற்று மீன். வெயில் ஏறும் மே, ஜூன் மாதங்களில் கூழாங்கல்மீது முட்டையிடும். அங்கே மார்ச் 15 முதல் ஜூன் 14 வரை ஆறுகளில் இந்த இன மீன்களுக்குத் தூண்டில் போடவே கூடாது. பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே சபாவில் 'தாகால்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்புப் பகுதியில் யாரும் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியை ஆண்டுக்கு ஓரிரு முறை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். பச்சைப் பகுதியில் எப்போதும் பிடிக்கலாம். மீறியவருக்கு அபராதம். செய்வது யார்? ஆற்று மீனை நம்பி வாழும் கம்பத்து ஏழை மக்கள்தான், மீன்பிடி இலாகாவின் துணையோடு. நம்முடைய கெலாவுக்குச் சொந்தக்கார மீன் அங்கே காலடியில் வந்து தீனி தின்கிறது.

கம்பத்து மக்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நாம் கேட்பது பெரிய காரியமில்லை. புது வெள்ளம் வந்த முதல் சில வாரங்களுக்கு மேலே ஏறும் மீனை விட்டுவிடுவோம். வயிறு பருத்து, லேசாக அழுத்தினாலே சினை கசியும் மீனைக் கையை நனைத்துப் பிடித்து ஆற்றிலேயே விடுவோம். குஞ்சுப் பந்தின்மேல் தூண்டில் போடாமல் இருப்போம். உள்ளங்கை அளவு குட்டி மீனைத் திருப்பி விடுவோம். அந்த வாரங்களில் குழம்புக்கு என்ன செய்வது? ஜப்பான்காரன் காலத்தில் வந்த 'ஜப்பான் மீன்' திலாப்பியா இருக்கவே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த மீன் அது. குட்டைகளில் காலம் பார்க்காமல் பெருகுவது. அதைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

இதை ஒருவர் வீட்டில் வைத்துக்கொண்டால் போதாது. கோயில் திருவிழாக் கூட்டத்திலும், பெரட்டுக்களத்திலும், காப்பிக் கடையிலும் பேசவேண்டும். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் உட்கார வைத்துப் பேசவேண்டும். அவர்களும் அதே ஆற்றில்தான் தூண்டில் போடுகிறார்கள்.

தோட்டம் நமக்குச் சொந்தமில்லை. லயத்து வீடும் நமக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். காசு கொடுக்காமல் நம் சட்டியில் விழுந்தது அந்த ஆற்று மீன் ஒன்றுதான். சம்பளம் பற்றாத மாதங்களில் அது நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு பருவம் நாமும் அதைக் காப்பாற்றுவோமே!

அந்த வீட்டம்மா கேட்ட கேள்விக்கு அவர் கணவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் நாம் எல்லாரும் சேர்ந்து அதற்குப் பதில் சொல்வோம்.