விடுவதற்காக ஏன் பிடிக்க வேண்டும்?

மார்ச் கடைசி வாரம். மாப்பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டார். நனைமோ துறையிலிருந்து அவருடைய சின்னப் படகில் கிளம்பி, என்ட்ரன்ஸ் தீவின் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போனோம். குளிரென்றால் அப்படியொரு குளிர். ரீலைச் சுற்றுகிற விரல் நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அந்தக் காலைக்கு ஈடு கிடையாது. வான்கூவர் தீவின் இந்தப் பக்கத்தில் மார்ச் மாதம் ஹெர்ரிங் மீன்கள் கரையோரம் வந்து முட்டையிடும். ஆண் மீன்கள் பீய்ச்சும் பாலால் கடல் சில இடங்களில் இளம்பச்சையாக வெளுத்துக் கிடக்கும். மேலே கழுகுகள், கீழே கடற்சிங்கங்கள். ஹெர்ரிங்கைத் துரத்திக்கொண்டு சினூக் சால்மன் வரும். சினூக்கைத் துரத்திக்கொண்டு எங்களைப் போன்றவர்கள் வருவோம்.

அன்று மதியத்துக்குள் 11 சினூக் மாட்டின. இங்கே ஜார்ஜியா நீரிணையில் சட்டப்படி 62 செ.மீ. இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும். இரண்டு மட்டும் தேறின, ஆளுக்கொன்று. மீதி ஒன்பதும் குட்டிகள். இங்குள்ளவர்கள் அவற்றை ‘ஷேக்கர்’ என்பார்கள். படகோரம் கொண்டுவந்து ஓர் உதறு உதறி விட்டுவிடுவதால் அந்தப் பெயர்.

ஒரு குட்டியை நான்தான் கழற்றினேன். எதிர்முள் இல்லாத முள்தான், சட்டப்படிதான். ஆனால் அது கண்ணோரத்தில் ஏறியிருந்தது. கழற்றி முடித்தபோது என் கையெல்லாம் வெள்ளிச் செதில்.

“விட்டுடுங்க மாமா, பிழைச்சுக்கும்” என்றார் மாப்பிள்ளை.

விட்டேன். அது நீந்தவில்லை. ஒருக்களித்து மிதந்தது. பத்தடி தூரத்தில் ஒரு கடல்நாய் தலையை நீட்டியது. அடுத்த நொடி அங்கே மீனும் இல்லை, கடல்நாயும் இல்லை.

வைத்துக்கொண்ட சினூக்கை உடனே உரிமத்தில் எழுதிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். நான் ஒன்று எழுதினேன், அவர் ஒன்று எழுதினார். விட்ட ஒன்பதை எழுத உரிமத்தில் கட்டம் இல்லை. கடல்நாய் வாயில் போனதற்கும் இல்லை.

போகட்டும். அது மார்ச் மாதம், வைத்துக்கொள்ள அனுமதி இருந்த காலம். இந்தப் பதிவை எழுத வைத்தது ஏப்ரல் முதல் வாரத்தில் மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டதுதான். “இப்ப சினூக்க வெச்சுக்க முடியாது மாமா. ஆனா பிடிச்சு விடலாம். சும்மா ஒரு ஜாலிக்கு.”

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். படகுத்துறையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2019 முதல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென் கடற்பகுதிகளில் பெரும்பாலான இடங்களில் வசந்தம் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை. வருடத்துக்கு ஒருவர் 30 சினூக் வரை எடுக்கலாம் என்றிருந்ததை 10 ஆகக் குறைத்ததும் அப்போதுதான். காரணம் ஃப்ரேசர் ஆறு. வசந்தத்தில் ஆற்றுக்குத் திரும்புகிற சினூக் கூட்டங்கள் தேய்ந்துவிட்டன. போதாக்குறைக்கு லில்லுவெட்டுக்கு வடக்கே பிக் பார் என்ற இடத்தில் மலை சரிந்து ஆற்றில் விழுந்து, மீன் மேலேறும் வழியை அடைத்துக்கொண்டது. 2019 ஜூனில்தான் அது கண்ணில் பட்டது. 2021 நவம்பர் வெள்ளம், வசந்த சினூக் முட்டையிடும் நிக்கோலா ஆற்றைப் புரட்டிப்போட்டது. இத்தனையும் தாண்டித் தப்பி வருகிற மீன்கள் இந்த ஏப்ரலில் நம் படகுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கலாம்.

அவற்றைக் காப்பாற்றப் போட்ட சட்டம் என்ன சொல்கிறது? வைத்துக்கொள்ளாதே என்கிறது. பிடிக்காதே என்று பல இடங்களில் சொல்வதில்லை. ஏகாதசி விரதம் இருப்பவர் சோற்றை மென்று துப்பிவிட்டு, விழுங்கவில்லையே, விரதம் கெடவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

“விட்டால் பிழைத்துக்கொள்ளும்” என்பது பாதி உண்மை. பல பிழைக்கும், சில பிழைக்காது. மீன்வளத் துறையே தன் கணக்கில், விடப்படும் மீன்களில் ஒரு பங்கு செத்துப்போகும் என்றுதான் வைத்துக்கொள்கிறது. ஆழத்தில் இருந்த மீனை இழுத்து, களைக்கும்வரை போராட வைத்து, கைவலையில் புரட்டி, செதில் உரிந்து, போட்டோவுக்காகக் காற்றில் தூக்கிப் பிடித்து, பிறகு கடல்நாய் காத்திருக்கும் தண்ணீரில் விடுகிறோம். ஒருவர் ஒரு மீனை அப்படி விட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வைத்துக்கொள்ளும் மீனுக்குத்தான் வரம்பு உண்டு. விடும் மீனுக்கு வரம்பே கிடையாது. இரண்டு மீன் எடுத்தவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். எடுக்க முடியாதவன் இருட்டும்வரை பிடித்துக்கொண்டே இருக்கலாம்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேம்பல் ரிவர், போர்ட் ஆல்பர்னி போன்ற ஊர்களில் படகு வாடகை, வழிகாட்டிகள், விடுதிகள் என்று பலருக்கு இதுதான் பிழைப்பு என்பார்கள். நியாயமான பேச்சு, தள்ளிவிட முடியாது. ஆனால் நம்மூரை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரையோர நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு, விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். போய்ப் பிடித்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுகிறேன் என்று அங்கே ஒருவர் சொன்னால் துறைமுகமே சிரிக்கும். அரசு கொடுக்கும் நிவாரணம் போதவில்லை என்று மீனவர்கள் வருடாவருடம் கேட்கிறார்கள், ஆனாலும் தடையைச் சுமக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கடலுக்குப் போகிறவர் இரண்டு மாதம் படகைக் கட்டிப்போட முடியுமென்றால், பொழுதுபோக்குக்குப் போகிற நமக்கு என்ன கேடு? வழிகாட்டிகளுக்கு நஷ்டமென்றால் அரசு ஈடு கொடுக்கட்டும். அதற்காக நானும் மனுப் போடுகிறேன்.

அடுத்த பதில், குஞ்சு பொரிப்பகத்து மீனை மட்டும் எடுக்கலாமே என்பது. பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுக்கு முதுகின் பின்பக்கமுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். அது இல்லாத மீனை வைத்துக்கொள், இருப்பதை விட்டுவிடு என்கிறது இந்த யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லையின் அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்தில் பொரிப்பகத்து சினூக் அநேகமாக எல்லாவற்றுக்கும் துடுப்பு வெட்டுகிறார்கள், கனடாவில் பெரும்பாலானவற்றுக்கு வெட்டுவதில்லை. எனவே வெட்டிய ஒரு மீன் கிடைப்பதற்குள் வெட்டாத எத்தனை மீனைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்? அவற்றில் காட்டு மீன் எத்தனை? மறுபடி அதே ஒருக்களித்த மீனிடம்தான் வந்து நிற்கிறோம்.

மூன்றாவது பதில்தான் எனக்கு எரிச்சலூட்டுவது. கடல்நாய் தின்கிறது, மீன் பண்ணை கெடுக்கிறது, மரம் வெட்டி ஆற்றை நாசமாக்கினார்கள், எங்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்பார்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்பதற்காக நம் வீட்டுக் குழாயைத் திறந்துவிடுவோமா?

இந்தக் கடலில் சினூக்கை நம்பியே வாழ்கிற ஓர்க்காக் குடும்பங்கள் உண்டு. தெற்குக் குடியிருப்பு ஓர்க்கா என்று பெயர். எண்பது கூட இல்லை. 2018-ல் அதில் ஒரு தாய், செத்த குட்டியை 17 நாள் சுமந்துகொண்டு நீந்தியதை உலகமே பார்த்தது. நமக்கு சினூக் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவற்றுக்கு அதுதான் சோறு.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. 1990-ல் ஸ்பேரோ வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம், மீன் வளத்தைக் காத்தபின் முதல் உரிமை பூர்வகுடிகளின் உணவுக்கும் சடங்குக்குமானது என்று சொல்லிவிட்டது. மீன் குறைந்ததால் அவர்களே ஆற்றில் வலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிடித்து விடுவதைப் பற்றி அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: சாப்பாட்டோடு விளையாடாதே. சோற்றை இறைத்தபோது என் பாட்டி சொன்னதும் அதே வார்த்தை.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கோல் வளைந்து ரீல் அலறும்போது நெஞ்சு படபடக்கிற சுகம் எனக்கும் தெரியும். எழுபது வயதில் அந்தச் சுகத்தைக் கொடுக்கிற விஷயங்கள் அதிகமில்லை. அதனால்தான் சொல்கிறேன், அது என் சுகம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொள்வதுதான் பொய்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர்க்காக்களுக்காகச் சில இடங்களில் ஏற்கெனவே தூண்டிலே போடக்கூடாது என்று மூடிவைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளத் தடையுள்ள மாதங்களில், தடையுள்ள எல்லா இடத்திலும் சால்மனுக்கு அதையே சட்டமாக்கட்டும். அனுமதியுள்ள மார்ச்சில், அளவான முதல் மீனோடு ஆளுக்கு ஆள் நிறுத்திக்கொள்வோம். குட்டிகளாகக் கடிக்கிற இடத்தை விட்டு உடனே நகர்வோம். இதற்கு அரசாணைகூட வேண்டாம்.

மாப்பிள்ளை இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். கோபம் வந்தாலும் வரட்டும். ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன் மாப்பிள்ளை: வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணிக்கே எழுப்புங்கள். ஃபிளாஸ்கில் காபி நான் கொண்டுவருகிறேன். தூண்டில் மட்டும் வீட்டில் இருக்கட்டும்.