டெக்னோ யாருடைய சொத்து?

2024 மார்ச்சில் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெர்லின் நகரத்து டெக்னோ இசைக் கலாசாரத்தை அந்த நாட்டின் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்த இசையைப் பேணி வளர்த்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. பிள்ளையை வளர்த்த வீட்டுக்குப் பட்டம் சூட்டியாயிற்று. பெற்ற வீடு எது?

பெற்ற வீடு அமெரிக்காவில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்தான் அது. பெற்றவர்கள் அங்குள்ள கறுப்பின மக்களின் பிள்ளைகள்.

மின்சார யந்திரங்களைக் கொண்டு ஆக்கும் நடன இசை என்றதுமே நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விடிய விடியக் கூத்தடிக்கும் இடத்து இரைச்சல்தானே, உழைக்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். நிறையவே இருக்கிறது, தோழர்களே. ஆலைச் சங்கை அறியாதவர்களுக்கு ஒருவேளை இந்த இசையின் கதை புரியாமல் போகலாம். நமக்குப் புரியாமல் போகாது.

1913இல் ஹென்றி ஃபோர்டு தமது ஹைலண்டு பார்க் ஆலையில் ஓடும் வரிசையைக் கொண்டுவந்தார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பான். வண்டி அவனைத் தேடி நகர்ந்து வரும். ஒருவன் ஒரு திருகாணியை முடுக்குவான். அடுத்தவன் இன்னொன்றை முடுக்குவான். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. மறு வருஷமே அது 93 நிமிஷமாகக் குறைந்தது. அன்றுமுதல் வேலையின் தாளத்தைத் தொழிலாளியின் கை போடவில்லை, வரிசை போட்டது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு ஆயிரமாயிரமாகக் கறுப்பின மக்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். பருத்திக் காட்டைவிடக் கூலி மேல்தான். ஆனால் வார்ப்படச் சாலை, உலைக்களம் என்று எங்கே அனல் அதிகமோ அங்கேதான் அவர்களுக்கு இடம்.

1968 மே மாதம் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் மெயின் ஆலையில் வரிசையின் வேகத்தை ஏற்றினார்கள். தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து கறுப்பினத் தொழிலாளரின் புரட்சிகர சங்கம் ஒன்று பிறந்தது. அதன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டிரம்’ என்று வரும். அந்த மொழியில் முரசு என்று பொருள்!

அந்த ஆலையின் கதி என்ன? 1980 ஜனவரியில் மூடப்பட்டது. 1981இல் இடிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த போல்டவுன் குடியிருப்பையும் சேர்த்து இடித்தார்கள். 4,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தார்கள். நிலம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குப் போயிற்று. அங்கே எழுந்த புதிய ஆலையில் மனிதர் நின்ற பல இடங்களில் ரோபோக்கள் நின்றன.

அதே 1981இல்தான் ஹுவான் அட்கின்ஸ் என்ற கறுப்பின வாலிபர், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய ரிச்சர்ட் டேவிஸ் என்பவரோடு சேர்ந்து, சைபோட்ரான் என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் அவரோடு படித்த டெரிக் மே, கெவின் சாண்டர்சன் இருவரும் பின்னர் அதே வழியில் இறங்கினார்கள். இவர்கள் ஊரிலேயே பரம ஏழைகள் என்று கதை கட்ட நாம் விரும்பவில்லை. மோட்டார் ஆலைச் சம்பளம் கொஞ்சம் தலைநிமிர்த்தி விட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். அந்தச் சம்பளம் மறைந்துகொண்டிருந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். டெட்ராய்ட் வானொலியில் மோஜோ என்ற அறிவிப்பாளர் ஜெர்மானியரான கிராஃப்ட்வெர்க் குழுவினரின் யந்திர இசையையும் கறுப்பினத்தாரின் ஃபங்க் இசையையும் ஒரே இரவில் கலந்து ஒலிபரப்பியது அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இனி ஓசைக்கு வருவோம். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் டி.ஆர்.808 என்றொரு தாளப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியின் முன்னால் வரிசையாக 16 பொத்தான்கள். தாளத்தின் ஒரு சுற்றை 16 கூறாக்கி வைத்த மாதிரி. 1, 5, 9, 13 ஆகிய பொத்தான்களில் பெருமுரசை வையுங்கள்: தும், தும், தும், தும். 5லும் 13லும் கைதட்டல் ஓசையைச் சேருங்கள். இரண்டு முரசடிகளுக்கு நடுவே, 3, 7, 11, 15இல், ‘ச்ஸ்’ என்று தாளத்தட்டைப் போடுங்கள். நிமிஷத்துக்கு 120லிருந்து 140 அடி என்று ஓடவிடுங்கள். அவ்வளவுதான், அஸ்திவாரம் தயார். அதன்மேல் அடித்தொண்டைச் சுரம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். தூரத்தில் ஒரு பட்டறை போல ஏதோ உறுமும். திடீரென்று ஒரு வயலின் கூட்டம் போன்ற ஒலி எழும்பி நெஞ்சைப் பிசையும். சொல் மிகக் குறைவு. பல உருப்படிகளில் பாட்டே கிடையாது.

ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது சங்கீதமா என்று கேட்பார்கள். தறிக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்ற தொழிலாளியைக் கேளுங்கள். மாறாத அந்தச் சத்தத்துக்குள்ளே காது தானாக ஒரு தாளத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். டெக்னோ இசைஞர் செய்வதும் அதுதான். அடி மாறாது, ஆனால் அதன்மேல் ஒன்று மெல்லச் சேரும், ஒன்று மெல்ல விலகும். இரண்டு இசைத்தட்டுகளை அருகருகே சுழலவிட்டு, ஒன்றின் அடியோடு மற்றதன் அடியைப் பொருத்தி, இடைவெளி தெரியாமல் இரவு முழுதும் ஓட்டுவார்கள். ஆலையில் ஓட்டத்தை நிறுத்தும் உரிமை மேஸ்திரியிடம். இங்கே அது ஆடுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவர் கையில்.

அந்த 808 பெட்டி நல்ல லாபம் தந்த சரக்கு அல்ல. நிஜ மத்தளம் போல ஒலிக்கவில்லை என்று பெரிய இசைஞர்கள் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983இல் உற்பத்தி நின்றது. தரச் சோதனையில் தள்ளப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பூட்டியதால்தான் அந்த ஓசை வந்தது என்று கம்பெனியை நிறுவிய காகேஹாஷியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கழித்த பாகம், கழித்த பெட்டி! பழைய சாமான் விலைக்கு வந்த பிறகுதான் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் அது வாலிபர் பலரின் கைக்கு எட்டியது.

மோடவுன் பாட்டுக் கம்பெனியை நிறுவிய பெரி கோர்டி, கார் ஆலை வரிசையில் வேலை பார்த்தவர். அந்த முறையிலேயே பாட்டுகளையும் தயாரித்தார். தமக்கு அவருடைய இசையைவிட ஃபோர்டு ஆலையின் ரோபோக்களில்தான் அதிக ஈடுபாடு என்று அட்கின்ஸ் ஒருமுறை சொன்னார். இந்தப் பேச்சை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ரோபோ வந்ததால் ரொட்டி இழந்த குடும்பங்கள் அவர் ஊரிலேயே இருந்தன. ஆனால் சோற்றைப் பறிக்க முதலாளி கொண்டுவந்த யந்திரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைத் தன் கையில் எடுத்து, தன் ஜனங்களை ஆடவைக்கத் துணிந்தானே, அந்தத் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டுதான் டெக்னோ என்ற பெயரை ஐரோப்பாவில் பரப்பியது. வயல்வெளிகளில் ஆயிரக்கணக்கான வாலிபர் கூடி ஆடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு நடுக்கம் பிடித்தது. 1994இல் ஒரு சட்டம் போட்டு, திரும்பத் திரும்ப அடிக்கும் தாளம் கொண்ட இசைக்காகத் திறந்தவெளியில் இரவில் கூடுவோரைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். தாளத்துக்கு விளக்கம் எழுதிய சட்டம் உலகில் வேறு எத்தனை இருக்குமோ! பெர்லினில் சுவர் விழுந்த பிறகு, 1991இல், பழைய கடை ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் டிரெசார் என்ற நடனக்கூடம் திறந்தது. அந்தப் பெயரில் வெளிவந்த முதல் இசைத்தட்டு டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினருடையது. இந்தக் கடனைப் பெர்லின் கலைஞர்களே மறுப்பதில்லை.

மறந்தது வியாபாரம். 1999இல் அதே டெட்ராய்ட் குழு ‘ஜாகுவார்’ என்ற உருப்படியை வெளியிட்டது. உரிமை தர அவர்கள் மறுத்ததும், சோனி கம்பெனியின் ஜெர்மன் கிளை அதே இசையைச் சுரத்துக்குச் சுரம் நகலெடுத்து வெளியிட்டது. பல நாட்டு ரசிகர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்த பிறகே சோனி அதைக் கைவிட்டது. தமிழில் இதற்குத் திருட்டு என்று பெயர். கார் பூட்டியவனிடம் எடுத்ததைத்தான் அவன் மகனிடமும் எடுக்கப் பார்த்தார்கள்.

1950இல் ஏறக்குறைய 18.5 லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட்டில் 2020இல் எஞ்சியவர்கள் சுமார் 6.4 லட்சம். 2013இல் நகரசபை திவாலானது. டெக்னோவுக்காக 2000இல் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் அனுமதி இலவசமாக ஒரு விழா தொடங்கினார்கள். 2005லிருந்து அதற்கும் டிக்கெட் வந்துவிட்டது.

ஆகவே டெக்னோவைப் பட்டியலில் சேர்ப்பவர்களும் மேடையேற்றுபவர்களும் டெட்ராய்ட் மக்களின் பெயரை முதல் வரியில் எழுத வேண்டும் என்கிறோம். பெயரோடு நின்றால் போதாது. அந்த இசையால் குவியும் பணத்தில் உரிய பங்கு அந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். ‘ஜாகுவார்’ குழுவினர் டெட்ராய்ட்டின் கிழக்கு கிராண்டு பூலவார்டு சாலையில் ஒரு கட்டடத்தை வாங்கி, அதில் டெக்னோவுக்கென்று ஒரு சிறு காட்சியகமும் வைத்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் அந்தக் கட்டடம் சலவைத் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமாயிருந்தது.