காவலர் சங்கத்துக்குத் தலைவர் யார்?

அண்மையில் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பொலிஸ் சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். "மாஸ்டர், உங்களுக்குச் சங்கங்கள் பல இருக்கின்றன, எங்களுக்கு ஒன்றேனும் இல்லை. நாளை சட்டம் இடந்தருமாயின், என்னைப்போல நெடுங்காலஞ் சேவை செய்த ஒருவன் தலைமை தாங்கத் தகுந்தவன்தானே?" என்று வினாவினார். "ஆம்" என உடனே விடை கூற நமக்கு மனம் எழவில்லை. அவ்வினாவையே இம்மலரில் ஆராயத் துணிந்தோம்.

சங்கம் என்னுஞ் சொல் புலவர் கூட்டத்துக்கும் தொழிலாளர் கூட்டத்துக்கும் ஒருங்கே வழங்குவது. ஆயின், நம் நாட்டில் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பொலிசாரைப் புறத்தே நிறுத்தியிருக்கின்றது. ஆகவே அனுபவத்தின் தகுதியை அளந்தறிய, அத்தகைய சங்கம் தோன்றி மறைந்த பிறநாட்டு வரலாற்றையே நாம் நோக்க வேண்டும். அதற்கு இங்கிலாந்து மிகப் பொருத்தமானது.

ஜோன் சைம் என்பவர் இலண்டன் மாநகரப் பொலிசில் இன்ஸ்பெக்டராக விளங்கியவர். தமக்குக் கீழ்ப்பட்ட கொன்ஸ்தாபிள்மார் இருவரின் பக்கம் நின்று மேலதிகாரிகளோடு முரணினார். 1910இல் வேலையினின்று நீக்கப்பட்டார். 1913இற் பொலிசார்க்கென ஒரு சங்கம் மறைவாக அரும்புவதற்கு அவரே மூலகாரணர். அனுபவம், அஞ்சாமை, எளியோர்பால் இரக்கம் ஆகிய மூன்றும் அவரிடம் நிரம்பியிருந்தன. இவற்றுக்கு மேலாக ஒரு தலைவனுக்கு வேண்டுவது யாது எனக் கேட்கத் தோன்றும். ஆயின், காலப்போக்கில் தம்முடைய வழக்கே அவருக்கு உலகமாயிற்று. பன்முறை சிறை புகுந்தார். அவர் நட்ட சங்கமே அவரைவிட்டு அகன்றது. 1931இலேதான் அவருக்கு ஓய்வூதியங் கிடைத்தது. அவர்க்கு நேர்ந்தது அநீதியே என்று நாம் கருதுகின்றோம். எனினும், தன் புண்ணையே நோக்கியிருப்பவன் பிறர் புண்ணுக்கு மருந்திடல் அரிது.

1918 ஆகஸ்ட் 30ஆந் திகதி அச்சங்கம் இலண்டனில் வேலைநிறுத்தஞ் செய்தது. உலகப் போர் நடைபெற்ற காலம் அது. பல்லாயிரம் பொலிசார் ஒருங்கே வெளியேறவே, பிரதமர் லொயிட் ஜோர்ஜ் தாமே சங்கத்தாரை அழைத்துப் பேசினார். சம்பளம் உயர்ந்தது. சங்கத்தை அரசு ஏற்றுக்கொண்டதா, இல்லையா என்பது மட்டும் தெளிவின்றியே விடப்பட்டது. இரு பகுதியாரும் தத்தமக்கு ஏற்பப் பொருள் கொண்டனர். (மொழி கற்பிப்போராகிய நாம் இதனைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.)

அவ்வெற்றியே கேடாய் முடிந்தது. மறுவருடம் டெஸ்பரோ குழு பெருஞ் சம்பள உயர்வினைப் பரிந்துரைத்தது, அரசும் இசைந்தது. குறை தீர்ந்த பின்னர்ச் சங்கத்தைத் தடைசெய்யும் மசோதாவும் வந்தது. தலைவர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். இலண்டனில் வெளிவந்தோர் ஆயிரத்துச் சிலரே. லிவர்பூலில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் வெளியேறினர், அந்நகரிற் கடைகள் சூறையாடப்பட்டன, படையினர் வந்தனர், போர்க்கப்பலும் வந்தது. வெளியேறியோர் அனைவரும் வேலை இழந்தனர். மீள எடுக்கப்பட்டார் ஒருவருமிலர். ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்த குடும்பத்தலைவரும் அவருள் இருந்தனர்.

வீதியிற் கூடும் கூட்டத்தின் மனநிலையை நொடியில் அளப்பது பொலிசாரின் தொழில். அத்தொழிலில் தேர்ந்தவர்களே தம் சொந்தக் கூட்டத்தை அளக்கத் தவறினர்! சேவைக்காலம் தானாகவே தலைமையைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1919ஆம் ஆண்டுச் சட்டம் அச்சங்கத்தை ஒழித்து, வேலைநிறுத்த உரிமையற்ற பொலிஸ் சம்மேளனம் ஒன்றை அமைத்தது. அச்சம்மேளனம் 1955 முதல் 1964 வரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டவர் ஜேம்ஸ் கலகன். பின்னாளிற் பிரதமரான அவர் பொலிஸ் உடை அணிந்தவரல்லர். வரி அலுவலர் சங்கத்திற் பேரம் பேசிப் பழகியவர். பேரம் பேசுதல் தனியொரு கலை. அதனை விலைக்கு வாங்கலாம். ஆயின், இரவுக் காவலில் நின்று மழையில் நனைந்தவன் சொல்லுக்கு அவன் தோழர் தருகின்ற நம்பிக்கையை விலைக்கு வாங்க இயலாது. இந்த அளவில் நம் நண்பரின் கட்சியை நாம் ஏற்கின்றோம். அனுபவமில்லாத் தலைவனை அதிகாரிகள் எளிதில் ஏமாற்றுவர். அவனை உறுப்பினரும் நம்பார்.

எனினும், பொலிசாரின் சங்கம் ஆசிரியர் சங்கம் போன்றதன்று. நாம் பாடசாலைக்குச் செல்லாதுவிடின் பிள்ளைகளின் பாடம் கெடும். கைதுசெய்யும் அதிகாரம் உடையவனோ கடமையில் தவறினால் எளியவனின் உயிரே கெடும். சம்பளத்துக்காகவும் விடுமுறைக்காகவும் வாதாடுதல் வேறு. காவலறையிற் கைதியை அடித்தவனை மறைத்தல் வேறு. குற்றஞ் சாட்டப்பட்ட உறுப்பினனுக்கு நீதியான விசாரணை கேட்பது தலைவன் கடமை. உண்மையை மூடுவது அவன் கடமையன்று. நீண்ட காலஞ் சேவை செய்தவனுக்கு எது நடந்திருக்கும் என்பது பிறர் சொல்லாமலே தெரியும். தெரிந்ததைத் தோழர் முகத்துக்கு நேரே சொல்வானா என்பதே நாம் கேட்கும் தகுதி.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்து, "மேலதிகாரியிடம், 'நீர் செய்தது பிழை' என்று கூறியதுண்டா?" எனக் கேட்டோம். இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை உற்சாகத்தோடு கூறினார். "உடன் சேவை செய்தவரிடம்?" என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஒருமுறை கூறியிருக்க வேண்டும், மாஸ்டர்," என்றார்.