தேங்காய் நாரா, பிளாஸ்டிக் கிண்ணமா?

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கரும்பும் மக்காச்சோளமும் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'பயிர்க் காவலுக்காக அப்பா லைசென்ஸ் வாங்கிய எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. காட்டுப்பன்றி இறங்கினால் மருந்து போட்டு, தேங்காய் நார் வைத்துக் கெட்டித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். மகன் செல்போனில் பார்த்துவிட்டு, நாருக்குப் பதில் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் நல்லது என்கிறான். எது சரி?'

மகன் பார்த்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு 'சபோ' என்று பெயர். மரக்கட்டைச் செருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. வெளிநாடுகளில் வேட்டைக்குப் பயன்படுத்தும் ரைஃபிள்களின் குழலுக்குள் திருகு வரிகள் ஓடும். குழலைவிடச் சிறிய குண்டை இந்தக் கிண்ணம் பிடித்துக்கொண்டு, வரிகளில் உருண்டு சுழன்று வெளியே வந்ததும் கழன்று விழுந்துவிடும். நம் பக்கத்து எஸ்.பி.எம்.எல். குழல் வழவழப்பானது, வரியே கிடையாது. வரி இல்லாத இடத்தில் கிண்ணத்துக்கு வேலையும் இல்லை. போதாக்குறைக்கு, சூட்டில் பிளாஸ்டிக் உருகிக் குழலில் அப்பிக்கொள்ளும். அடுத்த முறை கெட்டிக்கும்போது அடைப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

இங்கேதான் ஆபத்து. மருந்துக்கு மேல் வைக்கும் அடைப்பு, நாரோ அட்டையோ கம்பளித் துண்டோ, மருந்தை ஒட்டி உட்கார வேண்டும். வெடிக்கும் புகை பக்கவாட்டில் ஒழுகாமல் தடுப்பதும், ரவை மருந்தோடு கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. அடைப்புக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று இடைவெளி விழுந்துவிட்டால், அந்த இடத்தில் குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும். குழலைப் பிடித்திருக்கும் இடது கையும், முகமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே கெட்டித்திருப்பதை மறந்து இரண்டாவது முறை கெட்டிப்பதும் இப்படித்தான் முடியும். பட்டறையில் வெல்டிங் வைத்த குழல் என்றால் சொல்லவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே சட்டப்படி குற்றம்.

அப்படியானால் நாரே நல்லதா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலும் ரவை போடாமல், சத்தத்துக்காக மட்டும்தானே சுடுகிறோம் என்று பலரும் அடைப்பைப் பற்றி நினைப்பதே கிடையாது. ஆனால், ரவை இல்லாத வெடியிலும் அடைப்பு வெளியே பறக்கிறது. கிட்டத்தில் ஆள் நின்றால் காயப்படுத்தும் வேகம் அதற்கு உண்டு. நாரும் கந்தல் துணியும் காகிதமும் கங்காகக் கனன்றபடியே போய் விழும். உடனே தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைக்கலாம். கங்கு கரும்புச் சோகைக்குள் விழுந்து, சுட்டவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு பற்றினால் என்ன செய்வது? காய்ந்த மக்காச்சோளத் தட்டை, வைக்கோல் போர், பக்கத்துக் கொட்டகையின் கூரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பன்றி தின்பது நாலு பாத்தி. தீ தின்பது முழுக் கொல்லை.

ஆனால், இந்த வாசகர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. அது மகனுக்குத் தானாக வராது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, பயிர்க் காவலுக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க விவசாயிக்கு வழி இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது அதே சட்டம். லைசென்ஸ் வந்ததும் திரும்பப் பெறலாம். ஒப்படைக்காமல் வீட்டில் வைத்திருந்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. கல்வராயன் மலை ஊர்களில் நாட்டுத் துப்பாக்கியால் வழக்கில் சிக்கிய பலர் திருடர்கள் இல்லை, விவசாயிகள்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்தாலும் பன்றியைச் சுடும் அனுமதி அதில் சேராது. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினச் சட்டத்தின் 2-வது அட்டவணையில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. சுட வேண்டியவர்கள் வனத்துறையினர், நிலத்துக்காரர் அல்ல. சேதம் இருந்தால் வி.ஏ.ஓ.விடமும் வனவரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒப்படைக்கப் போகும் முன் ஒன்று. அப்பா கடைசியாகக் கெட்டித்த மருந்து குழலுக்குள் அப்படியே இருக்கலாம். காவலுக்கு இருந்த துப்பாக்கியைக் கெட்டித்தபடியே பரணில் போட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம். கம்பியை விட்டு நோண்டுவதோ, சுட்டுக் காலி செய்துவிடலாம் என்று வெளியே எடுத்துப் போவதோ வேண்டாம். எலவனாசூர்கோட்டை காவல் நிலையத்தில் முதலில் விஷயத்தைச் சொல்லி, உள்ளே மருந்து இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்கவும். அதுவரை பிள்ளைகள் கை படாத இடத்தில் இருக்கட்டும்.