அளவு ரவிக்கை

புடவைக் கடையில் நிற்கும் பெண்மணிகளைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் விரித்துப் போடும் புடவைகளை அவர்கள் பார்ப்பது குறைவு. எதிரே மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அதிகம். "எனக்கு இது எடுக்காது, நான் குட்டை" என்கிறாள் ஒருத்தி. "ஒல்லிக்குச்சிக்கு எதைச் சுற்றினால் என்ன?" என்கிறாள் இன்னொருத்தி. "என் பருமனுக்கு இந்தக் கரை ஆகாது" என்று மூன்றாமவள் தள்ளி வைக்கிறாள். விலைக்கு வந்தது புடவை; விசாரணைக்கு உள்ளாவதோ உடம்பு!

எந்த உடலமைப்புக்கு எந்த உடை பொருந்தும் என்பதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுத வேண்டுமென்று வெகுநாளாக எண்ணியிருந்தோம். ஆனால் பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் உபாத்தியாயினியாக வேலை பார்ப்பது கீழ்பென்னாத்தூரில். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஊர். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கொஞ்சம் மேலே எழுதுங்களேன்! கீழே எழுதுவது மறைக்கிறது" என்றாள்.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. "கண் தெரியாவிட்டால் முன்னால் வந்து உட்காருவதுதானே?" என்றோம். அவள் முன்னால் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் பலகையைத் துடைக்கப் போனபோது ஒரு விசேஷத்தைக் கண்டோம். பலகையின் மேல் பாதியில் சுண்ணாம்புக் கட்டியின் தடமே இல்லை. எழுதித்தான் பார்ப்போமே என்று கையைத் தூக்கினோம். தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. அக்குளில் ரவிக்கை பிடித்து இழுத்தது. இன்னும் சிறிது தூக்கினால் தையல் விடும். அல்லது ரவிக்கை மேலேறி இடுப்புத் தெரியும். இந்தக் கூச்சத்தினால், நம்மை அறியாமலே, பல மாதங்களாகப் பாதிப் பலகையைக் கொண்டே பாடம் நடத்தி வந்திருக்கிறோம். மறு பாதிப் பாடத்துக்காகக் கேட்ட பெண்ணைக் கடிந்துகொண்டும் விட்டோம்!

அப்போதும் நமக்குத் தோன்றியது என்ன? "வயது நாற்பத்தைந்தாயிற்று, உடம்பு போட்டுவிட்டது, இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும்" என்பதுதான். ரவிக்கையின் பேரில் சந்தேகமே எழவில்லை.

கடைவீதியில் தையல் வேலை செய்யும் அம்மாளிடம் புதுத் துணியையும், வழக்கம்போல் ஓர் அளவு ரவிக்கையையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பக்கத் தையல்கள் எல்லாம் பிரித்துவிடப்பட்டு, இனிப் பிரிக்க இடமில்லாமல் விளிம்பில் வந்து நின்றன.

"டீச்சரம்மா, இது எப்போ தைச்சது?"

"பையன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது."

"இப்போ தம்பி எங்கே படிக்குது?"

"காலேஜில்."

"நாலாங் கிளாஸ் சட்டையை அது இப்போ போட்டுக்குமா?" என்றாள் அந்த அம்மாள். அளவு ரவிக்கையை மடித்து நம்மிடமே கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள்.

அளவு ரவிக்கை என்பது நம் தமிழ் நாட்டுப் பெண்களின் ஒரு விசித்திரமான சொத்து. என்றோ ஒரு நாள் நன்றாக அமைந்த ரவிக்கையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, அதற்குப் பிறகு வரும் ரவிக்கைகளையெல்லாம் அதைப் பார்த்தே தைக்கச் சொல்கிறோம். பிள்ளைப் பேறு, நோய், வயது எல்லாம் வந்துபோகின்றன. உடம்பு மாறுகிறது, அளவு மட்டும் மாறுவதில்லை. பிறகு கண்ணாடி முன் நின்று, மாறிய உடம்பைக் குற்றம் சொல்கிறோம்.

ஆகையால் நம்முடைய முதல் யோசனை இதுதான்: வருஷத்துக்கு ஒரு முறையாவது டேப்பினால் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு, இடுப்பு ஆகியவற்றின் சுற்றளவு மட்டும் போதாது. தோள் அகலம், முதுகு அகலம், மேற்கையின் சுற்றளவு, தோளிலிருந்து மார்பின் உச்சி வரையுள்ள நீளம், இவை நான்கும் வேண்டும். கடைசியில் சொன்ன அளவை வைத்துத்தான் தையற்காரர்கள் 'டாட்' பிடிக்கிறார்கள். அது மேலேயோ கீழேயோ தவறிவிட்டால், எவ்வளவு உயர்ந்த துணியானாலும் முன்பக்கம் சுருங்கி நிற்கும்.

கைக்குழி விஷயத்தில் ஒரு தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. அதை ஆழமாக வெட்டினால் கை தாராளமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. கைக்குழி மிகக் கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறும். கைக்குழி அக்குளை ஒட்டி இருக்க வேண்டும். தாராளம் வேண்டியது முதுகிலும் மேற்கையிலுந்தான். தைத்து வாங்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். பலகையில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, பரணிலிருந்து பாத்திரம் எடுக்கிறவர்களுக்கும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களுக்கும் இந்தப் பரீட்சை அவசியம். பக்கத் தையலுக்கு உள்ளே ஓரங்குலத் துணியாவது மிச்சம் விடச் சொல்லுங்கள்.

ரவிக்கை சரியாக அமைந்தபின் புடவைக்கு வருவோம். ஆறு கெஜம், அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்த் துணி, தையல் கிடையாது. கட்டுகிறவளின் உடம்பே அதற்கு உருவம் கொடுக்கிறது. எந்த உடலமைப்பையும் அது ஏற்றுக்கொள்ளும் இரகசியம் இதுவே. ஆனால் நம் கண்ணின் வழக்கம் ஒன்று உண்டு. நீண்டு செல்லும் கோட்டின் வழியே அது ஓடும். நிறம் மாறும் இடத்தில் நிற்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாக்கி எல்லாம் எளிது.

உயரம் குறைந்தவர்களுக்கு அகலமான மாற்றுநிறக் கரை உயரத்தை வெட்டிவிடும். சிறு கரையும், புடவையோடு இசைந்த நிறத்தில் ரவிக்கையும் இருந்தால், தோளிலிருந்து பாதம் வரை ஒரே கோடாகக் கண் ஓடும். முந்தானையை ஒடுக்கமாக மடித்துத் தோளில் குத்தி, முழங்கால் மட்டும் தொங்கவிடுவதும் உயரத்தைக் கூட்டிக் காட்டும். புடவையின் மிகையான அகலத்தை இடுப்பில் சுருட்டித் திணிப்பதுதான் இவர்களுக்கு இல்லாத பருமனை உண்டாக்குகிறது. அகலம் குறைந்த புடவையாகக் கேட்டு வாங்குவது நலம்.

உயரமும் மெலிவுமாக இருப்பவர்களுக்கு அகலக் கரை ஒரு வரப்பிரசாதம். கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து தறியிலேயே கோக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டும், கட்டமும் பட்டைக் கரையும் கொண்ட காரைக்குடிக் கண்டாங்கியும் இவர்களுக்கென்றே பிறந்தவை போல் இருக்கும். கண்டாங்கிக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை விறைப்பாக நின்று மெலிந்த உடம்புக்குச் சற்று நிறைவு கொடுக்கும்.

அதே விறைப்பு, பருமனானவர்களுக்கு வேண்டாத சுமை. மிக மெல்லிய துணியும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, கனமும் இல்லாமல் விறைப்பும் இல்லாமல் இழைந்து விழும் துணியே உத்தமம். இதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய மாவட்டத்திலேயே ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் நெய்யும் பட்டு பொதுவாக எடை குறைந்தது. கொசுவத்தைப் படிய மடித்து, நாபிக்குச் சற்று இடப்புறமாகச் செருகுங்கள். உள்பாவாடை இடுப்பில் சுருக்கு வைத்ததாக இல்லாமல், மேலே ஒடுங்கிக் கீழே விரியும்படி துண்டுகளாக வெட்டித் தைத்ததாக இருக்கட்டும். புடவையை மாற்றுவதைவிடப் பாவாடையை மாற்றுவதில் பலன் அதிகம்; செலவோ குறைவு.

தோள் ஒடுங்கி இடுப்பு அகன்றவர்கள், வேலைப்பாட்டை மேலே வைத்துக்கொள்ளலாம். முந்தானையும் ரவிக்கையும் பளிச்சென்று இருக்க, கீழே அடர்ந்த நிறம் அமைதியாக இருக்கட்டும். தோள் அகன்றவர்கள் புஜத்தில் கொசுவம் வைத்த கையைத் தவிர்த்து, கழுத்தைக் கூராக இறக்கி வெட்டச் சொல்லலாம். குட்டைக் கழுத்துக்கும் அந்த வெட்டே பொருந்தும். நீண்ட கழுத்துக்கு மூடின கழுத்து அழகு. ரவிக்கையின் கை எங்கே முடிகிறதோ அங்கே கண் நிற்குமாகையால், மேற்கையின் மிகப் பருத்த இடத்தில் அது முடியக் கூடாது. முழங்கைக்குச் சற்று மேல் வரை இறக்கிவிடுவது நல்லது.

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உத்தரவில் புடவையோடு சல்வார் கமீசும், துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் இடம் பெற்றன. அவற்றை அணிகிறவர்களுக்கும் இதே விதிதான். மேல்சட்டையின் ஓரமோ, பக்கத் திறப்பின் தொடக்கமோ இடுப்பின் மிக அகன்ற இடத்தில் வரக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். "குறுக்குக் கோடு போட்டால் பருமனாகத் தெரியும்" என்று உலகெங்கும் சொல்கிறார்கள். ஆனால் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயர்ந்தும் ஒடுங்கியும் தோன்றுகிறது என்று எழுதிவிட்டார். இங்கிலாந்தில் யார்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் தாம்ஸன் முதலியோர் இதைப் பெண் உருவங்களைக் கொண்டு சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். குறுக்குக் கோடுகள் பருமனைக் கூட்டிக் காட்டவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஒற்றைப் பட்டையாக நிற்கும் அகலக் கரை வேறு. அடுத்தடுத்து வரும் கோடுகள் வேறு. ஆகவே கோடு போட்ட புடவையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் பயந்து ஓட வேண்டாம்.

எல்லாருக்கும் பொருந்தும் அளவு ஒன்றைக் கண்டுபிடிக்கப் பெரிய அரசாங்கங்களே முயன்றிருக்கின்றன. அமெரிக்க விவசாய இலாகா சுமார் 15,000 பெண்களிடம், ஆளுக்கு 59 அளவுகள் வீதம் எடுத்து 1941-ல் வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு 1958-ல் ஆயத்த உடைகளுக்கு நிலையான அளவுகள் வகுத்தார்கள். 1983-ல் அவற்றைக் கைவிட்டார்கள். நம் நாட்டிலோ, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை அளந்து இந்திய உடம்புக்கென்று அளவு வகுக்கும் திட்டத்தை 2018-ல் தான் அறிவித்தார்கள். அதுவரை அயல் நாட்டாரின் அளவுகளைத் தழுவித் தைத்த சட்டைகளுக்குள் நுழைய முடியாமல், நம் பெண்கள் தங்கள் உடம்பை நொந்துகொண்டிருந்தார்கள்!

இதை எழுதும்போது அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் நம் கண் முன் நிற்கிறாள். வகுப்பிலேயே உயரமானவள், தோளும் மார்பும் அகன்றவள். அன்று அவள் ஏன் முன்னால் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. கடையில் வாங்கிய சீருடை தோளுக்குச் சரியாக இருந்தது, மார்பில் பிடித்தது. மார்புக்குச் சரியானதை வாங்கியிருந்தால் தோள் இறங்கியிருக்கும். அத்தனை பேர் பார்க்க நடந்து வரக் கூசித்தான் அவள் உட்கார்ந்துவிட்டாள். அதை மறைக்கத்தான் முதுகைக் கூனிக்கொண்டும் இருந்தாள். பதினைந்து வயதில் இது என்ன தண்டனை?

வகுப்பு முடிந்த பிறகு தனியே அழைத்து, "அன்றைக்குத் தப்பு உன் கண்ணில் இல்லையம்மா, என் ரவிக்கையில்!" என்றோம். நம் கதையைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். பிறகு தன் கதையை அவளே சொன்னாள். கழனி வேலைக்குப் போகும் அவள் தாயார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு தையற்கார அம்மாளிடம் வந்தாள். மேல்கோட்டின் பக்கத் தையல்களைப் பிரித்து இரு புறமும் பட்டையாகத் துணி சேர்த்தார்கள். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இப்போது நாம் பலகையின் மேல் விளிம்பிலிருந்து எழுதுகிறோம். அவள் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறாள், உயரம் அப்படி. ஆனால் நிமிர்ந்து உட்காருகிறாள். சென்ற வாரம் ஒரு கணக்கைப் போடச் சொல்லிக் கூப்பிட்டோம். எழுந்து, வகுப்பின் நடுவே நடந்து வந்து, நம் கைக்கு எட்டாத உயரத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.