இரண்டு சுற்று ஓடிய பெண்

எண்ணூறு மீட்டர் ஓட்டமென்பது மைதானத்தை இருமுறை சுற்றி வருவதாகும். கேட்பதற்கு எளிது. குறுந்தொலைவு ஓடுவோரின் வேகமும் நெடுந்தொலைவு ஓடுவோரின் மூச்சும் ஒருவரிடத்தே அமைந்தாலன்றி அதில் வெல்லுதல் அரிது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைக் கூலிகளின் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜனுக்கு அவ்விரண்டும் வாய்த்திருந்தன.

2005-இல் தென் கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டிலும் இரண்டாமிடமே; நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே 0.03 விநாடிதான். நிமிடக் கணக்கில் பதிவேடு எழுதும் ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு அஃது எண்ணவும் இயலாத நேரம்!

அப்பால் பாலினச் சோதனை ஒன்று நடந்தது. அதன் முடிவைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்துவிட்டனர். சாந்தி மருந்துண்டு ஓடியவரல்லர்; எவரையும் வஞ்சித்தவருமல்லர்; பிறந்த உடலோடு ஓடினார். உலகெங்கும் செய்தித்தாள்களில் அவருடைய உடலைப் பற்றி எழுதினார்கள். தமிழக அரசு 15 லட்ச ரூபாய் பரிசளித்தது என்பது ஓர் ஆறுதல். புதுக்கோட்டையில் சிறுவர்களுக்கு ஓட்டம் பயிற்றுவித்தார். ஆயினும் 2012-இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் நாட்கூலி பெற்று நின்ற செய்தி வந்தபொழுது நாடு நாணிற்று.

நம் அத்திபெலேயிலிருந்து பெண்மக்களை ஓட்டப் பந்தயங்களுக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றைக் கருதவேண்டும். ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் இதனையொத்த விதியால் விலக்கப்பட்டார். அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தனர். இந்திய விளையாட்டு ஆணையமும் துணை நின்றது. 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்திவைக்க, அவர் மீண்டும் ஓடினார். சாந்திக்கு அத்தகைய முறையீட்டை எழுதிக் கொடுப்பார் எவருமிலர். சோதனைக்கு அழைத்தால், எதற்கென்று எழுத்தில் கேட்பது பெற்றோரின் உரிமை, கேட்கத் தயங்கலாகாது.

2013-இல் சாந்தி நம் பெங்களூருக்கே வந்து, விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தார். 2016-இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது. தோஹாவில் வென்ற வெள்ளி திரும்பவில்லை.